என்ன கொம்பனிப் பெட்டி என்று கேட்காத வானொலி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து வரும், ஆனால் ஒரு தபாலட்டைக்குள் அடங்கும் அளவுக்குத்தான் வரும். அதற்கு மேல் போனால் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். அதனால் என் வாழ்க்கையில் நான் எழுதியதெல்லாம் தபாலட்டைகள்தான். அத்தனையும் ஒரே விலாசத்துக்குப் போனவை: எங்கள் பொது வானொலியின் நேயர் விருப்ப நிகழ்ச்சி.

இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீடு என்றால் நானும் அண்ணையும்தான். மாதகலில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அண்ணை ஐம்பது வருடத்துக்குக் கிட்டக் கடலில் தொழில் செய்தவர். அண்ணி காலமான பிறகு சமையல் என் பாடு, வானொலி அண்ணையின் பாடு. முன்விறாந்தையில் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் அது எந்த நேரமும் பேசிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கூச்சம் கூட. கிராம அலுவலர் வந்து கூப்பிட்டாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். ஆகவே தபாலட்டையில் என் பெயரைப் போட்டதில்லை. அண்ணைக்குப் பிடித்த பாட்டுகளைக் கேட்டு எழுதி, அடியில் 'மாதகலிலிருந்து ஒரு நேயர்' என்று போட்டு அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அறிவிப்பாளர் அதை வாசிப்பார். பாட்டு வரும். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்பேன்.

அண்ணை விறாந்தையிலிருந்து சத்தமாகச் சொல்லுவார்:

"தங்கச்சி, கேட்டியோ? எங்கடை ஊரிலை உவன் ஆரோ ஒருத்தன் இருக்கிறான். நல்ல ரசனைக்காரன். நான் நினைக்கிற பாட்டைத்தான் எப்பவும் கேப்பான்."

"ஓம் அண்ணை," என்பேன்.

"கண்டால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கவேணும்."

அவர் குடிக்கும் தேத்தண்ணியையும் அந்த ரசனைக்காரன்தான் போட்டுக் கொடுக்கிறான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிறகு எழுத வெட்கமாகிவிடும்.

போன வருடம் பின்னேரங்களில் ஒரு தொடர் நாடகம் போனது. ஒரே கிணற்றில் பங்குள்ள இரண்டு சகோதரர்களின் கதை. ஆளுக்கு ஆள் முகம் பார்ப்பதில்லை. அந்தக் கிணற்றில் ஒருவன் தண்ணீர் அள்ளும் நேரம் மற்றவன் வளவுக்குள் இறங்கமாட்டான். பங்குக் கிணறு உள்ள எவருக்கும் அது கதை இல்லை, பக்கத்து வீட்டுச் செய்தி. நாலரைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூட மணி அடிக்காது. அண்ணைக்கு அப்போது இரண்டு கண்ணும் மங்கிப்போயிருந்தன. பேப்பர் பார்க்க முடியாது, கடலைப் பார்த்தாலும் வெள்ளைத் துணி விரித்ததுபோலத்தான் தெரியுமாம். அந்த நாடகம் ஒன்றுதான் அவருக்கு நாளைக் கொண்டுவந்து கொண்டுபோனது.

நாடகம் முடியப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கண் ஒப்பரேசனுக்குத் திகதி வந்தது. ஒருநாளில் விட்டுவிடுவார்கள் என்று போனோம். கண்ணில் கிருமி பட்டுவிட்டது என்று மூன்று கிழமை வைத்துக்கொண்டார்கள். அந்த வார்டில் வானொலி போட விடவில்லை. நானும் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கதையின் முடிவு தெரியாது. அண்ணை கட்டோடு படுத்துக்கொண்டு நாலரைக்குச் சரியாக, "இப்ப தொடங்கியிருக்கும்," என்பார். ஐந்துக்கு, "இப்ப முடிஞ்சிருக்கும்," என்பார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்து வீட்டு மச்சாளைக் கூப்பிட்டார். மச்சாள் எங்கள் மாமாவின் மகள், தையல்காரி. வாய் அவளுடைய மெசினைவிட வேகமாக ஓடும்.

"கிணத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் அண்ணை.

"அத்தான், மூத்தவன் நடுவிலை சுவர் வைச்சிட்டான்."

"கிணத்துக்கு நடுவிலையோ?"

"அப்பிடித்தான் கேட்ட மாதிரி இருந்தது. நான் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டு நிண்டனான்."

வாசிகசாலையில் பேப்பர் வாசிக்க வருகிற ஒருவரைக் கேட்டார். இளையவன் கிணற்றை மூத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான் என்று அவர் சொன்னார். மீனுக்கு ஐஸ் ஏற்றி வருகிற லொறிக்காரரோ, கிணறு வற்றிப்போய் இரண்டு பேரும் அழுதார்கள் என்றார். மூன்று பேர், மூன்று முடிவு. அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு கிணத்தை வைச்சுக்கொண்டு உங்களுக்கு ஒழுங்கா ஒரு கதை கேக்கத் தெரியாதோ?"

அந்த நேரத்தில்தான் வானொலியில் அந்த அறிவித்தல் வந்தது. தவறவிட்ட நாடகங்கள் அனைத்தையும் இனி எங்கள் செயலியில் எந்த நேரமும் கேட்கலாம். அறிவிப்பாளர் அதைத் தேன் ஊற்றியதுபோலச் சொன்னார். அண்ணை கதிரையில் நிமிர்ந்தார்.

எங்களிடம் ஒரு போன் இருக்கிறது. கனடாவில் இருக்கிற சின்னம்மாவின் மகள் வந்து நின்றபோது விட்டுவிட்டுப் போனது. மூலையில் வெடிப்பு இருந்தாலும் நல்ல போன். மச்சாள் மெசினை நிறுத்திவிட்டு வந்து தட்டிப் பார்த்தாள். இந்தக் கருவியில் இது வேலை செய்யாது என்று எழுத்து வந்தது. தன்னுடைய போனில் தட்டினாள். அதே எழுத்து. ஒழுங்கையில் இருந்த போன்கள் எல்லாம் அன்று எங்கள் விறாந்தைக்கு வந்தன. எல்லாவற்றிலும் அதே எழுத்து. கடைசியில் ஆளுக்கு ஆள் கேட்டு அறிந்ததில், அந்தச் செயலி ஒரேயொரு கொம்பனியின் போனில் மட்டும்தான் வருமாம். அந்தக் கொம்பனிப் போன் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் திருவிழாவுக்கு வருகிற மாதத்தில் மட்டும்தான் எங்கள் ஒழுங்கைக்குள் வரும்.

"அப்ப வேறை வழி?" என்றார் அண்ணை.

"வேறை போன் வாங்கவேணும், அத்தான். அல்லாட்டி வேறை தங்கச்சி வாங்கவேணும், வெளிநாட்டிலை இருக்கிற தங்கச்சியா."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். ஆனால் அவர் பிறகு வானொலியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் அரிசி கழுவும்போதும் அதையே யோசித்தேன். எங்களைப் பெற்ற ஐயா காலத்தில் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். ஐயா தபாற் கந்தோருக்குப் போய் அதை எடுத்து மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைப்பார். வானொலி எல்லோருக்கும் பொது என்று அப்போதே சொல்லுவார். பெட்டி பெரிதோ சிறிதோ, புதிதோ ஒட்டுப் போட்டதோ, கம்பியை உயரக் கட்டினால் குரல் வரும். அந்தக் குரல் ஒருநாளும் வாசலில் நின்று, உங்கள் வீட்டில் என்ன கொம்பனிப் பெட்டி என்று விசாரித்துவிட்டு உள்ளே வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன் விசாரிக்கிறது?

அன்று மத்தியானம் அண்ணை படுத்த பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தபாலட்டையை எடுத்தேன். எழுதினேன்:

'மதிப்புக்குரிய வானொலியாருக்கு, என் அண்ணைக்குக் கண் ஒப்பரேசன் செய்ததால் கிணற்று நாடகத்தின் கடைசிப் பகுதிகளைக் கேட்கக் கிடைக்கவில்லை. செயலியில் கேட்கச் சொல்கிறீர்கள். அது எங்கள் ஒழுங்கையில் ஒரு போனிலும் வரவில்லை. இவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் என்ன கொம்பனிப் பெட்டி என்று நீங்கள் கேட்டதில்லை. இப்போது ஏன் கேட்கிறீர்கள்? பொது வானொலி எல்லாப் போனிலும் வரவேண்டாமா? இதற்குப் பொறுப்பானவர் பதில் சொல்லவேண்டும்.'

எழுதி முடிக்க அட்டையில் இரண்டு வரி இடம் மிஞ்சியது. கை பழகிய பழக்கத்தில் ஒரு பாட்டையும் கேட்டு எழுதிவிட்டேன். 'மாதகலிலிருந்து ஒரு நேயர்' என்று அடியில் போட்டேன். விலாசம் எழுதும்போதும் எனக்கு யோசனை வரவில்லை. வானொலி நிலையத்தில் முறைப்பாடு ஓரிடம், பாட்டு ஓரிடம் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? எனக்குத் தெரிந்த ஒரே விலாசத்துக்கு, நேயர் விருப்பத்துக்கு, அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. நான் குசினியில் கணவாய் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் வழக்கம்போல, "மாதகலிலிருந்து ஒரு நேயர் எழுதுகிறார்," என்று தொடங்கினார். 'மதிப்புக்குரிய வானொலியாருக்கு' என்று வாசித்தபோது என் கை நின்றுவிட்டது. அவரும் பாதியில்தான் விளங்கிக்கொண்டார் போல. குரல் ஒருமுறை தடுமாறியது. ஆனால் நிறுத்தவில்லை. ஒப்பரேசன், கிணறு, ஒழுங்கைப் போன்கள், கொம்பனிப் பெட்டி, பொறுப்பானவர், எல்லாவற்றையும் கடைசிவரை வாசித்தார். ஒரு மூச்சுவிட்டு, "நேயர் ஒரு பாடலும் கேட்டிருக்கிறார்," என்றார். பாட்டு வந்தது.

பாட்டு முடிந்ததும் விறாந்தையிலிருந்து அண்ணையின் குரல் வந்தது.

"தங்கச்சி."

"தேத்தண்ணி கொண்டு வாறன் அண்ணை."

"தேத்தண்ணி வேண்டாம். இஞ்சை வா."

கணவாய்க் கறுப்பு ஒட்டிய கையோடு கதவு நிலையில் போய் நின்றேன். அண்ணை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

"உந்த ரசனைக்காரன் நீயோடி?"

நான் கறுப்புக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"எத்தினை வருசமா?"

"கனகாலம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். சத்தம் கேட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டி, "என்ன அத்தான், கிணறு கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டாள்.

"கிணறு கிடைக்கேல்லை. குசினிக்குள்ளை ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிருக்கிறன்," என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தாய் எழுதிய அட்டையை வாசித்தார்கள். அவருடைய போனிலும் வரவில்லையாம். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் எழுதியிருந்தார். அதற்கடுத்த கிழமை அட்டைகள் கூடிவிட்டன. எல்லாவற்றிலும் அடியில் ஒரு பாட்டு. அப்படித்தான் எழுதவேண்டும் என்று சனம் நினைத்துவிட்டது. முறைப்பாடு, பாட்டு, முறைப்பாடு, பாட்டு என்று அந்த ஐப்பசி மாதம் முழுக்க நிகழ்ச்சி போனது. அவ்வளவு நல்ல பாட்டுகளை ஒன்றாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கடைசியில் வானொலியார் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் நேயர் சந்திப்பு வைத்தார்கள். பொறுப்பதிகாரியும் வருவார் என்று அறிவித்தார்கள். நான் போகமாட்டேன் என்றேன்.

"நீ வராட்டி நான் தனியப் போவன்," என்றார் அண்ணை. "அரைக் கண்ணோடை பஸ் மாறிக் கீரிமலைக்குப் போய் இறங்கினால் நீதான் பொறுப்பு."

மச்சாளும் சேர மூன்று பேருமாக வெளிக்கிட்டோம். நான் போனைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுபோனேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிய கதிரையாகப் பார்த்து இருந்தேன்.

அறிவிப்பாளரை அன்றுதான் கண்டேன். அந்தக் குரலுக்கு நல்ல உயரமான ஒருவரை மனதில் வைத்திருந்தேன். வந்தது என் தோளுக்கு நிற்கிற ஒரு சின்ன மனுசி, கையில் சாப்பாட்டுப் பை. எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. அவர் மைக்கைப் பிடித்து, "மாதகலிலிருந்து ஒரு நேயர் வந்திருக்கிறாரோ?" என்று கேட்டார்.

நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். அண்ணை என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டார்.

"இஞ்சை இருக்கிறா. வாய் திறக்கமாட்டா. எழுதித்தான் தருவா."

சனம் திரும்பிப் பார்த்தது. என் காது சுட்டது.

பொறுப்பதிகாரி நல்ல மனிதர்தான். எழும்பி நின்று, செயலி செய்யக் கஷ்டப்பட்டதைச் சொன்னார். முதலில் ஒரு வகைப் போனுக்குச் செய்திருக்கிறோம், மற்றவற்றுக்குப் படிப்படியாக வரும், பொறுமையாக இருங்கள் என்றார். சொல்லி முடிய அறிவிப்பாளர் மைக்கோடு என்னிடம் வந்தார். நான் மைக்கை வாங்கவில்லை. கைலேஞ்சியை அவிழ்த்துப் போனை அவரிடம் நீட்டினேன்.

"இதிலை ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ."

அன்று முழுக்க மண்டபத்தில் நான் பேசியது அந்த நாலு சொல்தான். மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அவர் தட்டினார். அந்த எழுத்து வந்தது. இன்னொருமுறை தட்டினார். அந்த எழுத்துத்தான். வட்டுக்கோட்டைத் தோட்டக்காரர் முன்வரிசையில் இருந்து அறிவிப்பாளரிடம், "தங்கச்சி, உம்மடை போனிலை வருதோ?" என்று கேட்டார்.

அறிவிப்பாளர் பொறுப்பதிகாரியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எனக்கும் வராது, ஐயா. கேளுங்கோ கேளுங்கோ எண்டு ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்லுறன். நான் ஒருக்காலும் கேட்டதில்லை."

மண்டபம் ஒரேயடியாகச் சிரித்தது. பொறுப்பதிகாரி முதலில் சிரிக்கவில்லை. பிறகு அவரும் சிரித்துத் தன் கதிரையில் இருந்துவிட்டார். "இவவுக்கும் வராதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார்.

"அதுதானே அட்டை போட்டது," என்றாள் மச்சாள்.

அதற்குப் பிறகு பேச்சு எளிதாகிவிட்டது. செயலி இல்லாமலே, பெயர் பதியாமலே, எந்தப் போனிலும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்தில் நாடகங்களைப் போடுவது. போனே இல்லாதவர்களுக்காக ஞாயிறு பின்னேரம் வானொலியிலேயே திரும்பப் போடுவது. கடல் காலநிலையை, பட்டன் போனிலும் எடுத்துக் கேட்க ஒரு இலக்கம் வைப்பது. இந்த மூன்றாவதைக் கேட்டவர் அண்ணை. பொறுப்பதிகாரி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"ஐயா, உதை ஒரு கடுதாசியிலை எழுதித் தாங்கோ," என்றார் அண்ணை. "எப்ப முடியும் எண்டும் போடுங்கோ."

"என்னிலை நம்பிக்கை இல்லையோ, ஐயா?"

"நம்பிக்கை இருக்கு. ஞாபகம்தான் எனக்கு இல்லை."

அவர் எழுதினார். மூன்று வரி, தைப்பொங்கலுக்கு முன் என்று போட்டு, கையெழுத்தும் வைத்தார். அதை எங்கள் வாசிகசாலைச் சுவரில், பேப்பர் மேசைக்கு நேரே ஒட்டினோம்.

பொங்கல் வந்தது. பானை பொங்கியது, பக்கம் திறக்கவில்லை. நான் லாச்சியைத் திறந்தேன். 'நீங்கள் எழுதித் தந்த கடுதாசி எங்கள் வாசிகசாலைச் சுவரில் இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் வாசிக்கிறார்கள். பொங்கல் முடிந்துவிட்டது' என்று எழுதினேன். அடியில் ஒரு பாட்டு. அந்த ஞாயிறே வாசித்தார்கள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து மச்சாள் நூலும் ஊசியும் வாயில் இருக்க ஓடி வந்து, ஒன்றும் சொல்ல முடியாமல் போனைக் காட்டினாள். திறந்திருந்தது. என்னுடைய வெடித்த போனில் தட்டினோம். அதிலும் திறந்தது. அந்தக் கிழமையே ஞாயிறு பின்னேரம் வானொலியிலும் நாடகங்களைத் திரும்பப் போடத் தொடங்கினார்கள்.

அண்ணை அவசரப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பகுதி, நாலரைக்கு, முன்பு கேட்டதுபோலத்தான் கேட்பேன் என்றார். கடைசிப் பகுதிக்கு, முடிவை மாற்றிச் சொன்ன மூன்று பேரையும் கூப்பிட்டார். ஐஸ் லொறிக்காரர் வேலியோடு லொறியை நிறுத்திவிட்டு வந்தார். போனை ஒரு வெறும் செம்புக்குள் வைத்தோம், சத்தம் பெருகட்டும் என்று.

சுவரும் இல்லை, கொழும்பும் இல்லை, கிணறு வற்றவும் இல்லை. கதை என்னவென்றால், சகோதரர்கள் முகம் பார்க்காத அத்தனை வருடமும் அவர்களுடைய பெண்சாதிமார் விடியற்காலையில் ஒன்றாக நின்று, ஒரே கயிற்றில் ஆளுக்கு ஒரு கை போட்டுத் தண்ணீர் அள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் ஆண்கள் இருவரும் அதைக் கண்டுவிடுகிறார்கள். நாலு பேரும் கிணற்றடியில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு நாடகம் முடிகிறது.

மச்சாளும் வாசிகசாலைக்காரரும் லொறிக்காரரும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

"நான் சொன்ன முடிவும் கொஞ்சம் நல்லாத்தான் இருந்தது," என்றார் லொறிக்காரர்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். "எல்லா வீட்டிலையும் உதுதான் நடக்குது போல. ஆம்பிளையளுக்குத்தான் கடைசியாத் தெரியவாறது," என்றார். பிறகு, "லாச்சியிலை அட்டை இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் இரண்டு வரியையும் செய்து தந்ததற்கு நன்றி. சுவரிலுள்ள கடுதாசியின் மூன்றாவது வரி, கடல் காலநிலைக்கான இலக்கம், இன்னும் வரவில்லை. சோளகக் காற்றுத் தொடங்குமுன் வரவேண்டும். பாட்டை இந்தமுறை நீ கேள் என்றார். எனக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"பேரைப் போடு," என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கொஞ்சம் யோசித்து, 'மாதகலிலிருந்து இரண்டு நேயர்கள்' என்று போட்டேன். அண்ணை அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒரு எழுத்து ஒரு எழுத்தாகத் தானே வாசித்துப் பார்த்துவிட்டு, தபாற் கந்தோர் பூட்டமுன் போடவேண்டும் என்று செருப்பைத் தேடினார்.